மரியபுஷ்பம் தொட்ட நான்கு படங்கள்

காலை ஏழரை மணிக்கு என் செல்போனில் ஸ்டெல்லாவின் எண் வந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்த பத்து நிமிடங்களில் இன்னும் இரண்டு முறை வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு நான் ஒரு தாள் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன்; அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இட்லியைத் தின்று முடித்தேன். வண்டியைக் கிளப்பும்போது எஸ்.எம்.எஸ். வந்தது. அம்மா விடியற்காலை இறந்துவிட்டார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று இருந்தது. அந்தத் தாள் அப்போது என் பையில்தான் இருந்தது. எழுதி, கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்து, ஆறு வாரமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

மரியபுஷ்பம் அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய மலர் அச்சடிக்கிறார்கள். அம்மாவோடு வேலை பார்த்தவர் என்ற முறையில் நீங்களும் இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று ஸ்டெல்லா கேட்டாள். பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் வேலம்பாளையத்தில் அவருடைய லைன் வீட்டுக்காரர்கள், கோவில் சபையார், அவரோடு கடைசி நாட்களில் துணியில் தொங்கும் பிசிர் நூலை வெட்டிய பெண்கள். அவர் நல்லவர், உழைப்பாளி என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதைப் பூசி மெழுகாமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். குழந்தைகளுக்கான பனியன் துணி உடைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. அக்கா அங்கே கடைசிச் செக்கிங்கில் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு திருப்பூருக்கு வந்தவர். எட்டாவது வரை தமிழில் படித்தவர். துணியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாரென்றால், மற்றவர்கள் கண்ணாடி போட்டுத் தேடுகிற ஓட்டை அவர் கண்ணுக்குத் தானாக வந்து நிற்கும்.

எங்கள் கம்பெனிக்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. ஒவ்வொரு லாட்டையும் பார்த்து முடித்த பிறகு, அந்தந்தப் பிரிவின் சூப்பர்வைசரே அதற்குள் போய் 'பாஸ்' என்று பதிய வேண்டும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கிருந்தபடியே அதைப் பார்ப்பார்கள். உள்ளே போக ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு, கோணல்மாணலாக நெளிகிற சில எழுத்துகளைக் காட்டி அதையும் அடிக்கச் சொல்லும். அடிப்பது மனிதரா, இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது. அக்கா முதல் நாள் மூன்று தரம் அடித்துப் பார்த்தார். மூன்று தரமும் தப்பு என்றது.

"இதுக்கு என்ன தம்பி, நான் மனுசிதானான்னு சந்தேகமா? காலையில எட்டு மணியில இருந்து இது முன்னாலதான நிக்கேன்" என்றார்.

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பாஸ்வேர்டு மறந்துபோகிறது என்று ஐந்து பிரிவிலும் மார்க்கர் பேனாவால் அதைக் கம்ப்யூட்டரின் நெற்றியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு போய்ச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஏதாவது செய் என்றார்.

என்ன செய்வதென்று சொன்னவர் அக்காதான். "எழுத்து மறந்துபோவும் தம்பி. பாத்த முகம் மறக்குமா? படமாப் போட்டு விடுங்க" என்றார். பிற்பாடு இந்த யோசனை என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடச் சார்ட்டுகளிலிருந்தும் காலண்டர்களிலிருந்தும் ஸ்கேன் செய்து இருபத்து நான்கு படங்களைத் திரையில் அடுக்கினேன். அவரவர் நான்கு படங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த நான்கையும் தொட்டால் கதவு திறக்கும். வரிசை மாறினால் திறக்காது என்றுதான் முதலில் வைத்திருந்தேன். எல்லோரும் வரிசையைக் குழப்பிக்கொண்டு மணிக்கொரு தரம் என்னைக் கூப்பிட்டதால், எந்த வரிசையில் தொட்டாலும் சரி என்று தளர்த்திவிட்டேன். படங்களின் இடத்தையும் மாற்றவில்லை. வேல் எப்போதும் இடது மேல் மூலையில்தான் இருக்கும். ஆயுத பூஜையன்று கட்டிங் பிரிவில் அந்த இடத்தில் கண்ணாடி மேலேயே சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

கட்டிங் பிரிவு, தையல் பிரிவு, அயர்ன், பேக்கிங் எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள். எங்கள் சாதிசனம் முழுக்க முருகன் பக்தி. நால்வரும் வேல், மயில், சேவல், மலை என்று ஒன்றுபோலத் தேர்ந்திருந்தார்கள். அடப்பாவிகளா, இதற்குப் பாஸ்வேர்டே வேண்டாமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா மட்டும் வேறு. அவர் தேர்ந்தது வேல், குடை, வாத்து, கத்தரிக்கோல். திரையில் சிலுவை இருக்கிறது, மாதா இருக்கிறார், நீங்கள் வேலைத் தொடுகிறீர்களே என்று கேட்டேன்.

"நான் சிலுவையத்தான் தொடுவேன்னு எல்லாரும் நெனப்பாவல்லா. அதுக்குத்தான்" என்றார்.

மற்ற மூன்றுக்கும் என்ன காரணம் என்று கேட்டேன். காரணம் என்று ஒன்று இருந்தால் அதை இன்னொருத்தர் கண்டுபிடித்துவிடுவார்களே என்று சொல்லிவிட்டுத் துணியைப் பார்க்கப் போய்விட்டார். கம்ப்யூட்டர் படித்த நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ரகசியம் என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்தில் சரியாகப் புரிந்துகொண்ட ஆள் அவர் ஒருவர்தான்.

பனியன் கம்பெனிக்குள் வந்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே பஞ்சு பறக்காத இடம் கிடையாது. தலைமுடியிலும் டீ டம்ளரிலும்கூடக் கிடக்கும். பழைய டி.வி. மாதிரி இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் கண்ணாடியில் ஒரு மணி நேரத்தில் மெல்லிய வெள்ளையாகப் படிந்துவிடும். எங்கள் பெண்கள் மவுஸை நம்ப மாட்டார்கள். முதலில் விரலைக் கண்ணாடியில் வைத்து, இந்தப் படம்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிறகு மவுஸை அங்கே கொண்டுபோவார்கள். நான்கு படத்துக்கு நான்கு விரல் தடம். ஒரு நாள் அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் அவருடைய கண்ணாடியைக் காட்டினார். வெள்ளையில் நான்கே நான்கு இடங்கள் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன. வேல், குடை, வாத்து, கத்தரிக்கோல்.

"நம்ம ரகசியம் பூரா கண்ணாடியில கெடக்கு தம்பி. நீங்க பாக்கலையா?"

ஒவ்வொரு தடவையும் படங்கள் இடம் மாறும்படி செய்துவிடுகிறேன், இந்த வாரமே செய்துவிடுகிறேன் என்று சொன்னேன். பத்து நிமிட வேலை. வாரம் போனது, மாதமும் போனது. கேட்டால் வேலை அதிகம் என்பேன். அக்கா அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வேஸ்ட் துணியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். உள்ளே போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் அதை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். பக்கத்துப் பெண்கள் அவருக்குச் சுத்தப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். எதற்காகத் துடைக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

தைக்கும்போது மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும், அந்த மெஷினில் தைத்த துணி முழுவதையும் தனியாக வைத்துவிட வேண்டும். குழந்தை போட்டுக்கொள்கிற துணி, அதனால் இந்தக் கட்டுப்பாடு. அன்று காலை ஒரு ஊசி உடைந்தது. நுனி கிடைக்கவில்லை. அக்கா மூன்று பெட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. கிடைத்த துண்டு போதும், அனுப்பு என்று மேலேயிருந்து ஆள்மேல் ஆளாக வந்து சொன்னார்கள். அவர் அசையவில்லை. நுனி வந்தால் பெட்டி போகும் என்று மட்டும் சொன்னார்.

மதியம் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள், உடனே வாருங்கள் என்றார்கள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு ஓடினார். எத்தனையோ மாதத்தில் அந்த ஒரு நாள்தான் கண்ணாடியைத் துடைக்காமல் போனார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மூன்று பெட்டிகளும் இல்லை, லாரியும் இல்லை. நுனி கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். பிள்ளையை நினைத்துப் பாதி உயிரோடு இருந்தவர், அதை நம்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடல் தாண்டி ஒரு கடிதம் வந்தது. ஒரு குழந்தையின் சட்டைக் கழுத்துப் பட்டியில் ஊசி நுனி இருந்திருக்கிறது. கன்னத்துக்குக் கீழே கிழித்திருக்கிறது. கூடவே போட்டோவும் வந்தது. அதை நான் பார்த்தேன். நல்ல வேளையாகக் காயம் ஆழமில்லை, ஆனால் எட்டு மாதக் குழந்தையின் அந்த முகம் எனக்கு இன்னமும் மறக்கவில்லை. மறக்காது என்று அக்கா சொன்னதுதான்.

ஆபீஸ் அறையில் விசாரணை நடந்தது. முதலாளி, மேனேஜர்கள், அக்கா, நான். வெப்சைட்டில் அந்த மூன்று பெட்டிகளையும் பாஸ் செய்தது மரியபுஷ்பம் என்று பெயர் மட்டும் இருந்தது. அக்கா, நான் செய்யவில்லை, நான் மதியம் வெளியே போயிருந்தேன் என்றார். போவதற்கு முன்னால் செய்துவிட்டுப் போயிருப்பாய் என்றார் ஒருவர். உன் படங்கள் எவை என்று கேட்டார்கள், அக்கா நான்கையும் சொன்னார். இன்னொருவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வேதக்காரப் பொம்பளை வேலைத் தொடுவாள் என்று யாருக்குத் தெரியும்? வேறு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ஆகவே இவரேதான் என்றார். எந்தப் புத்திசாலித்தனத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேனோ, அதையே அவர் கழுத்தில் சுருக்காக மாட்டினார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர், நிதானமாகத்தான் கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்தப் படத்தத் தொட்டு வேற ஆராச்சும் உள்ள போக முடியுமா?"

கண்ணாடியில் பஞ்சு படியும், தடம் தெரியும், அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார், நான்தான் சரிசெய்யாமல் விட்டுவிட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம்தான் என்னுடைய படப் பூட்டைப் பற்றி ஊரில் நான்கு கம்பெனிக்காரர்கள் விசாரித்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்துகூட ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. குட்டு வெளிப்பட்டால் எல்லாம் போய்விடும்.

"முடியாதுங்க" என்றேன்.

அக்கா முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கத்தவில்லை, அழவில்லை. தெரியாத கணக்கை வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் எடுத்து வைக்கச் சொன்ன பெட்டிய நானே ஏன் தம்பி அனுப்புதேன்?"

நான் கீழே பார்த்துக்கொண்டேன். அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில் வெப்சைட்டின் உள்பதிவைத் திறந்து பார்த்தேன். யார், எந்த நேரத்தில் நுழைந்தார்கள் என்பது அதில் இருக்கும். அதைத் திறக்க என்னால் மட்டும்தான் முடியும். மரியபுஷ்பம் பெயரில் நுழைந்த நேரம் மதியம் ஒன்று நாற்பத்தேழு. பிறகு வாட்ச்மேனிடம் ஏதோ சாக்குச் சொல்லி கேட் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அக்கா வெளியே போனது ஒன்று பத்து, உள்ளே வந்தது மூன்று ஐந்து. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதை யாரிடமும் காட்டவில்லை. அன்று நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் படங்கள் இடம் மாறும்படி திருத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த நான்கு படங்களைத் தொட்டது யார் என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை, அதனால் பெயர் சொல்ல மாட்டேன். பொய் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அதை மேலே எழுதிவிட்டேன்.

திருப்பூரில் ஒரு கம்பெனியில் நடப்பது மறுநாள் அடுத்த கம்பெனி டீக்கடையில் தெரிந்துவிடும். செக்கிங் வேலைக்கு அவரை யாரும் எடுக்கவில்லை. முதலிபாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் பிசிர் வெட்டப் போனார். ஒரு லாட்டையே நிறுத்தி வைக்கிற அதிகாரத்தில் இருந்தவர், தரையில் உட்கார்ந்து தொங்குகிற நூலை நறுக்கினார். 'ஊசிக்காரி' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். உங்களில் சிலரும் அப்படிக் கூப்பிட்டிருப்பீர்கள். தெரியாமல் கூப்பிட்டீர்கள், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சில வருடங்கள் கழித்து, கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தபோது மிகவும் முற்றிவிட்டிருந்தது. கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலம்பாளையம் போனேன். கயிற்றுக் கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். ஸ்டெல்லா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் அக்காவே ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரியும் தம்பி, முடியாது என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்த்தேனே என்றார். ஏன் அப்போதே தடத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். நான் அழுதேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

"எனக்கு இனி ஒரு கம்பெனியும் வேண்டாம். ஸ்டெல்லா செக்கிங் வேலைக்குப் போனா, ஊசிக்காரி மவளான்னு கேட்டுத் திருப்பி விடுதாவ. அம்மா அதச் செய்யலன்னு ஒரு தாளுல எழுதித் தாரியளா?"

அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றேன். அன்றே வீட்டுக்கு வந்து எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அடுத்த ஞாயிறு பல்லடம் ரோடு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். நான் இன்னமும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். தாள் வெளியே வந்தால் என் வேலை போகும், ஊர் காறித் துப்பும். அதற்கடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படியே ஆறு ஞாயிறு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த எஸ்.எம்.எஸ். வந்தது.

அடக்கத்துக்கு வந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றேன். பெட்டியை இறக்குவதற்கு முன், எல்லோரும் பூப் போட்டார்கள். என் கை சட்டைப் பைக்குள் போய் அந்தத் தாளைத் தொட்டது. அதைக் குழிக்குள் போடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிப் போட்டால் அது கடைசியாக நான் செய்யும் திருட்டாக இருக்கும். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தத் தாளில் இருப்பது இதுதான். ஒரு எழுத்தும் மாற்றாமல், சுற்றிலும் கட்டம் போட்டு அச்சிடும்படி அச்சகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

"ஊசி நுனி கிடைக்காத குழந்தை உடைகள் லாரி ஏறிய நாளில், தனியே வைக்கப்பட்டிருந்த மூன்று பெட்டிகளும் மதியம் ஒன்று நாற்பத்தேழுக்கு மரியபுஷ்பம் பெயரில் பாஸ் செய்யப்பட்டன. மரியபுஷ்பம் ஒன்று பத்துக்கு கேட்டை விட்டு வெளியே போனவர், மூன்று ஐந்துக்குத்தான் திரும்பி வந்தார். அந்தப் பெட்டிகளை அவர் பாஸ் செய்யவில்லை. அவற்றை நிறுத்தி வைத்தவர் அவர். அவர் தொடும் நான்கு படங்களும் கண்ணாடியில் தடமாகத் தெரியும் என்பது எனக்கு முன்பே தெரியும். வேறு யாரும் உள்ளே போக முடியாது என்று நான் சொன்னது பொய். — செந்தில்நாதன், கம்ப்யூட்டர் பிரிவு."

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எனக்கு அந்தக் கம்பெனியில் வேலை இருக்காது. அது என் பாடு.

ஸ்டெல்லா, கட்டத்துக்குள் இருப்பதை வெட்டி எடுத்துக்கொள். கேட் நோட்டின் ஜெராக்ஸையும் உன் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இரண்டையும் மேஜைமேல் வை. அவை உன் அம்மாவுடையவை. ஆணியில் மாட்டியிருந்த அந்தத் துணி என்னிடம் இருக்கிறது, அதையும் நீ கேட்டால் தந்துவிடுவேன். தர முடியாத ஒன்று இருக்கிறது. நான் எடுத்து வைக்கச் சொன்ன பெட்டியை நானே ஏன் தம்பி அனுப்புகிறேன் என்று உன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னிடமே இருக்கட்டும்.